அடுத்த மாதத்து டிக்கெட்

அன்புள்ள உனக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா? தைலம் தேய்க்கிறாயா?

இரண்டு முறை பயந்து பயணத்தை ரத்து செய்தவன் இந்த முறையாவது ஊர் வருவேனா என்று கேட்டிருந்தாய். எனக்கும் அதே சந்தேகம். அதனால் நேற்று அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை முடிந்ததும், கனத்துக்குப் பழைய தாள்களை சூட்கேஸில் அடைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். நம் ஊர் ரயிலில் ஏறி, சூட்கேஸ் இருக்கைக்கு அடியில் நுழைகிறதா என்று குனிந்து பார்ப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. பதறாதே, முழுசாகத் திரும்பிவிட்டேன்.

பரிசோதகர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். "பெரியவரே, இது அடுத்த மாசத்துக்கு!"

"தெரியும் சார். சும்மா ஒத்திகை."

"கல்யாணத்துக்கும் ஒத்திகை பாத்தீங்களா?"

"அதுக்கு மட்டும் பாக்காம விட்டுட்டேன் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். கோபித்துக்கொள்ளாதே.

"இடம் காலியாத்தான் இருக்கு. வேற டிக்கெட் போட்டுத் தரேன், பேசாம வீட்டுக்கே போயிடுங்களேன்" என்றார். தேதி வேறாயிற்றே என்று அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். இறங்கியதிலிருந்து அந்தக் காலி இடம்தான் கண்ணில் நிற்கிறது.

வீட்டுத் தலையணை உறை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

ஸ்டேஷனுக்கு வராதே என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அது பிழை. 'வா' என்று திருத்திக்கொள்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உன் வீட்டுக்காரன்