கட்டை விரலில் கோளாறு இல்லை, மாமா

என் ஆசை ஆரோக்கிய மாமாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. போன ஞாயிறு உங்கள் வீட்டுக்குப் போனபோது அக்கா உங்கள் கிதாரை என் கையில் கொடுத்து, "நீயே வச்சுக்கடா, வாசிக்கிற ஆளுகிட்ட இருக்கட்டும்" என்றாள். மறுக்கவும் முடியவில்லை, வாங்கவும் கை வரவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டு மஞ்சக்குப்பம் வந்து, உறையைக்கூடத் திறக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதை மூன்று வருடமாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

2009-இல் அந்தக் கிதார் வந்த நாள் நினைவிருக்கிறதா? பார்க்கச் சாதாரண மரக் கிதார். ஆனால் உள்ளே சத்தத்தைக் கரண்டாக்கும் பிக்கப் இரண்டு: கம்பிகள் படியும் பாலத்துக்கு அடியில் ஒன்று மரத்தின் அதிர்வை எடுக்கும், கழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது காந்தம், அது கம்பியின் இரும்பை மட்டும் எடுக்கும். ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்க ஒரே ஒரு குமிழ். உங்களுக்கு அப்போதுதான் லேசான பக்கவாதம் வந்து தேறியிருந்தது. வலது கைக்குச் செயல் திரும்பிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார், ஆனால் முறுக்காணியைத் திருகும் அளவுக்கு விரலில் பிடி இல்லை. அதனால் கம்பி தேர்ந்தெடுப்பது, மாட்டுவது, சவுண்டு வைப்பது எல்லாம் என் வேலை ஆயிற்று. நான்தான் நம் இசைக்குழுவின் சவுண்டு மேதை ஆயிற்றே!

"இது பாதி கரண்டு கிதாராச்சே, நம்ம வெண்கலக் கம்பி இதுக்குச் சரி வருமாடா?" என்று கேட்டீர்கள்.

"எல்லாம் வரும் மாமா, நானாச்சு" என்றேன். கூடத்தில் உட்கார்ந்து ஒயர் சொருகாமல் நீங்கள் வாசித்தபோது அப்படி ஒரு இனிமை. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் சிதம்பரத்தில் அந்தக் கல்யாண விருந்து. மண்டபத்தில் ஸ்பீக்கர் உங்களுக்கு மிகப் பக்கம். இரண்டாவது பாட்டிலேயே கிதார் 'குய்' என்று ஊளையிட ஆரம்பித்தது. மேடைக்கு ஓடி வந்து குமிழை முழுக்கக் காந்தப் பக்கம் திருப்பினேன். ஊளை நின்றது. கூடவே நீங்கள் கட்டை விரலால் மீட்டும் தடித்த கம்பிகளும் அடங்கிப்போயின. கீழே உள்ள இரண்டு மெல்லிய கம்பிகள் மட்டும் கீச்சென்று கத்தின.

மண்டபக் கோடியில் இருந்த சவுண்டு மிக்சருக்குத் திரும்பியதும் மைக்கை எடுத்தேன். "மாமா, கட்டை விரலு வேலை செய்யல போல. பேஸே கேக்கல, நல்லா அழுத்துங்க." மண்டபம் முழுக்கக் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உங்கள் கையைப் பார்த்தார்கள். நீங்களும் உங்கள் கையைப் பார்த்தீர்கள். பிறகு ஓங்கி ஓங்கி மீட்டினீர்கள். நாலாவது கம்பி அறுந்தது.

"மீதிய நீ வாசிடா" என்று என்னை மேடையேற்றிவிட்டு இறங்கினீர்கள். திரும்பும் வழியில் வேன் புதுச்சத்திரம் தாண்டியது. அப்புறம், "விரலுக்குப் பலம் வரட்டும், பாக்கலாம்" என்றீர்கள்.

நாலாம் நாள் கிதாரை என் வீட்டுக்கு எடுத்து வந்து அறுந்த கம்பியை மாற்றினேன். கையில் வெண்கலம் இல்லை, எலெக்ட்ரிக் கிதாருக்குப் போடும் நிக்கல் கம்பி ஒன்று கிடந்தது. மாட்டி, ஆம்ப்ளிஃபயரில் சொருகித் தட்டினேன். அந்த ஒரு கம்பி மட்டும் கூடம் அதிரப் பேசியது. பக்கத்துக் கம்பிகள் முனகின. அப்போதுதான் புரிந்தது. வெண்கலச் சுற்றைக் காந்தம் சரியாக எடுக்காது, மாமா. உங்கள் விரல் ஒழுங்காகத்தான் மீட்டியிருக்கிறது. கம்பிதான் தப்பு. கம்பி நான் தேர்ந்தெடுத்தது.

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டாமா? ஆறு கம்பியையும் நிக்கலாக மாற்றி, குமிழைச் சரியாக நடுவில் வைத்து, சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்தேன். நீங்கள் விரலால் தடவிப் பார்த்தீர்கள்.

"மொத்தமா மாத்திட்டியே, பழசுல எதுனா கோளாறாடா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. கைய நல்லாப் பாத்துக்கங்க."

இப்படிச் சொன்ன வாய் அழுகிப்போகவில்லையே என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு என் மனதில் இருந்தது வேறு. அடுத்த நிகழ்ச்சிக்கு உங்கள் நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லியிருந்தார்கள் குழுவில். உண்மையைச் சொன்னால் மறுபடி மிக்சருக்குத்தான் போக வேண்டும். மைக்கில் உங்களைக் குறை சொன்ன வாயால் என்னைக் குறை சொல்லவும் தைரியமில்லை. அடுத்த வாரம் சொல்லலாம், பண்டிகை போகட்டும் என்று தள்ளினேன். நீங்கள் அதற்குப் பிறகு மேடை ஏறவேயில்லை.

நேற்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"காலையில எழுந்ததும் ரப்பர் பந்த வச்சு அமுக்கிக்கிட்டே இருப்பாரு. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கும் அமுக்குனாரு. 'இந்த வெரலு சகாயத்துக்கு முன்னாடி மானத்த வாங்கிடுச்சு, சரி பண்ணிட்டுத்தான் அவன்கூட வாசிப்பேன்'னாரு. நல்லா இருந்த வெரலையாடா?" என்றாள்.

மன்னிப்புக் கேட்கக்கூட நாக்கு கூசுகிறது. நீங்கள் இருந்து இரண்டு அறை விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை ரிகர்சலுக்கு எல்லோரும் வருவார்கள். ஆரோக்கியத்துக்குக் கை போய்விட்டது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கும் அத்தனை பேரிடமும், அவர் கடைசிவரை நன்றாகத்தான் வாசித்தார், பொய் சொன்னவன் நான் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் உங்கள் கிதாரைத் தொட மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் விரலைவிட என் பேச்சை நீங்கள் நம்பிய,
உங்கள் மைத்துனன்
சகாயம்