குதிரைக்காரன் சுமந்த விறகு

மச்சாள்,

நேற்றுப் பகல் அந்த ஹிந்திப் படம் தொலைக்காட்சியில் திரும்பவும் போனது. இந்தமுறை அடியில் தமிழ் எழுத்து ஓடியது. மகள் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க ஊருக்கே சொன்ன கதை இதில இல்லையே?"

ஈரேழு உலகமும் அறியாத என் மோசடி, நாசமாய்ப் போன நாலு வரியால் வெளிப்பட்டது. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் என் புளுகுகளைப் பிடிப்பதே தொழிலாக இருந்த நீங்கள் இருந்திருந்தால், வாவியின் அக்கரைக்குக் கேட்கச் சிரித்திருப்பீர்கள்.

வாவிக்கு இறங்கும் ஒழுங்கையை மறித்து, வெளியூர் முதலாளி ஒருவர் ஹோட்டல் கட்டவென்று படலை போட்டுப் பூட்டிய வருடம் அது. கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்த நீங்கள் முப்பது பெண்களும் இடுப்பளவு சேற்றுக்குள்ளால் சுற்றிப் போனீர்கள். மனு எழுதி எழுதிப் பேனை தேய்ந்தது. அப்போதுதான், கிராமத்துப் பெண்கள் கொடுமைக்கு எதிராக எழும்புகிற படமாம் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிறு பின்னேரம் மாதர் சங்கக் கட்டடத்தில் எல்லோரையும் கூட்டினீர்கள். மொழிபெயர்க்க, கட்டாரில் பதினொரு வருடம் இருந்த மகா ஹிந்திப் பண்டிதனான என்னை அழைத்தீர்கள். என் ஹிந்தி, தேத்தண்ணி கேட்கக் காணும். அவ்வளவுதான்.

படமோ, ஐயோ. ஒன்றரை மணித்தியாலம் அழுதார்கள். அந்தக் கண்ணீருக்கு உன்னிச்சைக் குளமே நிரம்பி வான் பாய்ந்திருக்கும். நடுவில் குடங்களோடு ஆடினார்கள். இடுப்பு வளையவில்லை, எல்லாம் வெறுங்குடம் என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். மறுகா திரும்பவும் அழுதார்கள். பின்வரிசை பாயைச் சுருட்டத் தொடங்கியது. நீங்கள் என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டீர்கள்.

"மச்சான், இவளுகள் எப்ப எழும்புவாளுகள்?"

திரையில் தூரத்தே, குதிரையில் ஒரு பட்டணத்து மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தான். அடிக்கப் போவது அவன், கைதட்டப் போவது படத்துப் பெண்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. நாயகி மூன்று சொல் முனகினாள். நான் எழும்பி நின்று முழங்கினேன்: "நாளைக்கு விடிய அடுப்பைத் தூக்குங்கடி. அவன்ட படலைக்கு முன்னால உலை வைப்பம். வழி விடுமட்டும் நம்மட சமையல் அங்கதான்."

அப்ப குதிரையில் வாறவன் யார் என்று ஒரு கிழவி கேட்டா. விறகு கொண்டு வாறவன் என்றேன். அவன் பத்துப் பேரைத் தூக்கி எறிந்தபோது, விறகு ஈரமாம், அந்தக் கோபம் என்றேன்.

மறுநாள் விடிய என் வாசலில் நீங்கள். "படத்தில விறகு சுமந்தது ஆம்பிளைதானே. தூக்குங்க, மச்சான்."

மூன்று நாளில் ஒரு காட்டையே சுமந்தேன். முப்பது அடுப்பைத் தாண்டிச் சீமெந்து லொறி போக வழியில்லை. உங்கள் இறால் கறியின் வாசத்துக்குப் பாசிக்குடாவில் குளித்த வெள்ளைக்காரரெல்லாம் மூக்கைத் தூக்கிக்கொண்டு கரையேறினார்கள். மூன்றாம் நாள் கிராம சேவகர் வரைபடத்தோடு வந்து, ஒழுங்கை ஊருக்குரியது என்று அளந்து காட்டினார். படலை கழன்றது.

அன்று சட்டி கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "அந்தப் பிள்ளை மூண்டு சொல்லுத்தான் சொன்னாள். நீங்க புளுகுறீங்க எண்டு அப்பவே தெரியும்."

ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"நல்ல புளுகா இருந்திச்சு."

நீங்கள் போய் இரண்டு வருடம். வருடாவருடம் படலை கழன்ற நாளில் பெண்கள் இன்றும் அந்த ஒழுங்கையில் உலை வைக்கிறார்கள், இறாலும் நேர்வழியால் வருகிறது. இந்த வருடத்துச் சமையல் அடுத்த கிழமை. உண்மை தெரிந்த மகள் அங்கே போய் உடைத்துவிடுவாளோ என்று இரவெல்லாம் புரண்டேன். காலையில் அவள் கோடரியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"குதிரைக்காரன் இன்னும் விறகு வெட்டேல்லையா?"

தீட்டிக்கொண்டிருக்கிறேன், மச்சாள். குதிரைதான் இன்னும் கிடைக்கவில்லை.