மூப்பர் வாசிக்காத கடிதம்

ஏழாம் ஊர்,
மே 9, திங்கட்கிழமை

கர்த்தருக்குள் மகளான அகனேத்தாவுக்கு, தகப்பன் இஸ்பிராண்ட் டைக்ரோப் எழுதுவது.

உன் தாய் சூசன்னா வியாதியாய்ப் படுத்திருக்கிறாள். மார்பில் வந்த கட்டி எலும்பு வரை பரவிவிட்டது, இனி மருந்தில்லை என்று நகரத்து மருத்துவர் சொல்லிவிட்டார். பெந்தெகொஸ்தே வரை இருப்பாளா என்பது கர்த்தருக்கே தெரியும். அவள் உன் பெயரைச் சொல்லுகிறாள்.

சபை உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஆயத்தமாயிருக்கிறது. தாமதம் செய்யாமல் புறப்பட்டு வா. உன் அண்ணன் ஹைன்ரிச் பெருஞ்சாலைச் சந்திப்பில் வண்டியோடு காத்திருப்பான்.

இப்படிக்கு,
உன் தகப்பன்


மே 10, செவ்வாய்
பால் கறக்கும் நேரம்

என் நேத்தாவுக்கு,

கார் ஓட்டும் ருஃபீனோ இரண்டு கடிதங்களையும் ஒன்றாகத்தான் உன்னிடம் தருவார். நேற்றைய கடிதத்தை முதலில் படித்திருப்பாய் என்று நம்புகிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாதிக் கணக்கை மட்டும் போட்டுவிட்டு விடை சரி என்று குறியிட்ட மாதிரி அது. மீதியை இப்போது எழுதுகிறேன். எல்லோரும் மாட்டுக்கொட்டகையில் இருக்கிறார்கள். அம்மா உறங்குகிறாள்.

மூப்பர் கொர்னேலியஸ் ஃபேர் நேற்று நம் சமையலறையில் உட்கார்ந்து, சூரியகாந்தி விதை கொறித்தபடி, நான் எழுத எழுத ஒவ்வொரு வரியையும் வாங்கிப் படித்தார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே. அம்மாவின் கட்டிலருகே நின்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாத்தியாரே, கண்டிச்சு ஒண்ணும் எழுத வேணாம். தாயப் பத்திச் சொன்னாப் போதும். மத்தத அவ வந்த பெறகு பேசிக்கலாம்” என்றார்.

அந்த ‘மத்தது’ என்ன என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ வந்த முதல் ஞாயிறு சபையின் முன் மண்டியிட வேண்டும். படிக்கப் போனது பெருமையினால் செய்த பாவம் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். இனி நகரத்துக்குப் போவதில்லை என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் அம்மாவோடு ஒரே மேசையில் உண்ணலாம். அதுவரை உனக்கு முற்றத்தில் தனி மேசை. உன் அண்ணன், “வந்தா போதும்ப்பா, அப்புறம் எங்க போயிடுவா? அவ புஸ்தகத்தையெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றான். அவன் எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். உன் தேர்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது என்று ருஃபீனோ சொன்னார்.

அம்மாவின் வியாதியைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். மார்ச் மாதம் அவளை நகரத்து மருத்துவமனைக்கு அழைத்து வந்தோம். ஆமாம் நேத்தா, நீ இருக்கும் அதே நகரத்துக்கு. ஹைன்ரிச் கூடவே இருந்தான். உன்னைத் தேட முடியவில்லை. முடியவில்லை என்று எழுதுகிறேன், துணியவில்லை என்பதுதான் சரியான சொல்.

நடைக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உன்னைப் போலத் தாதிப் படிப்புப் படிக்கும் பெண்கள் வெள்ளை உடுப்பில் கூட்டமாய்ப் போனார்கள். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “அந்தக் கடைசில போறது?” என்றாள். இல்லை என்றேன். “அது குட்டை. நம்மது நெட்டை” என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஆறு ஆண்டுகளாக உன் பெயரை எடுக்காதவள், அன்று காலை முழுக்க உன் உயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் ஸ்பானிய மொழியில் கேட்டார். ஹைன்ரிச் நம் மொழியில், “எங்க வலிக்குதுன்னு கேக்கறாரும்மா” என்றான். அவள் தரையைப் பார்த்தபடி “முதுகுல” என்றாள். மருத்துவர் முதுகைத் தட்டிப் பார்த்தார், மாத்திரை எழுதினார். அவ்வளவுதான், நாங்கள் எழுந்துவிட்டோம். அப்போது அங்கே நின்ற ஒரு தாதிப் பெண், உன்னைவிடச் சின்னவள், என்னையும் ஹைன்ரிச்சையும் வெளியே போகச் சொல்லிச் சைகை செய்தாள். மருத்துவரையும் அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தாள். அவளுக்கு நம் மொழி தெரியாது, அம்மாவுக்கு அவள் மொழி தெரியாது. உள்ளே என்ன நடந்தது என்று பிறகுதான் கேட்டேன். அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, தன் இடது மார்பில் வைத்தாளாம்.

பதினான்கு மாதம், நேத்தா. பதினான்கு மாதம் அதை மறைத்து வைத்துக்கொண்டு பால் கறந்தாள், துணி துவைத்தாள், எனக்குச் சோறு போட்டாள்.

காரில் திரும்பி வரும்போது, ஹைன்ரிச் முன் இருக்கையில் உறங்கிவிட்ட பிறகு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது. “எதச் சொல்லச் சொல்றீங்க? பெத்த பையன்கிட்ட இதச் சொல்லி, அவன் அத ஒரு அந்நிய ஆம்பளகிட்டச் சொல்லி? அதுக்குச் செத்துப் போலாம்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பொண்ணு கை சில்லுன்னு இருந்துச்சு. மன்னிச்சுக்கோன்னு கண்ணால சொல்லிட்டுத்தான் தொட்டுச்சு. நம்ம நேத்தா படிக்கறது இதத்தானா? இதுக்கா அவள வெலக்கி வச்சோம்?” என்றாள்.

விலக்கி வைத்தார்கள் என்று சொல்லவில்லை. வைத்தோம் என்றாள். நான் இலக்கணம் சொல்லிக் கொடுத்தவன். அந்த ஒரு விகுதி அன்றிலிருந்து என்னை உறங்க விடவில்லை.

நம் பெண்களுக்கு இந்த நாட்டின் ஸ்பானிய மொழி ஏன் தெரியாது? நான் கற்றுக்கொடுக்கவில்லை என்பதால். முப்பத்தொரு ஆண்டு அந்த ஒற்றை அறையில் நின்றேன். எழுத்துப் புத்தகம், வேத வினாவிடை, புதிய ஏற்பாடு, பழைய ஏற்பாடு, இந்த நான்கோடு பள்ளி முடிந்தது. பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, பையனுக்குப் பதின்மூன்று. படிப்பு ஏற ஏற புத்தி கோணும் என்ற பழமொழியைப் பலகையில் நானே எழுதிப்போட்டு, பிள்ளைகளை அதைப் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன். அதை எழுதும்போது என் கையெழுத்து மிக அழகாக இருக்கும்.

உனக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் டிராக்டர்களுக்கு ஏன் இரும்புச் சக்கரம்? ரப்பர் டயர் மாட்டினால் பையன்கள் தார்ச்சாலையில் ஏறி நகரத்துக்கு ஓட்டிப் போய்விடுவார்கள். வயலில் உழ இரும்பு போதும், சாலைக்கு அது ஆகாது. நானும் அதைத்தான் செய்தேன். பிள்ளைகளின் மூளைக்கு ஒவ்வொன்றாக இரும்புச் சக்கரம் மாட்டி அனுப்பினேன். இன்னோர் உதாரணம், உன்னோடு படித்த தீனா. பெருக்கலில் உன்னையே முந்துவாள். போன மாதம் ஸ்பானிய மொழியில் சீட்டு ஒட்டிய ஒரு மருந்துப் புட்டியைக் கொண்டுவந்து, “வாத்தியாரே, இது கன்னுக்குட்டிக்கா, கொழந்தைக்கா? படிச்சுச் சொல்லுங்க” என்றாள். அவளுக்கு இப்போது ஏழு பிள்ளைகள்.

உன் கடைசிப் பள்ளி நாள் உனக்கு நினைவிருக்கும். என் மேசைக்கு வந்து, “அடுத்த புஸ்தகம் எதுப்பா?” என்று கேட்டாய். பள்ளியில் என்னை அப்பா என்று கூப்பிடக் கூடாது, நீ மறந்துவிட்டாய். எனக்குக் கூச்சமாகிவிட்டது. “அடுத்த புஸ்தகமா? அடுப்புதான் ஒனக்கு அடுத்த புஸ்தகம்” என்றேன். நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். வாத்தியார் வேடிக்கை பேசினால் பிள்ளைகள் சிரித்தே ஆக வேண்டும். நீயும் சிரித்தாய். நீ அழுதிருந்தால் நான் ஒருவேளை நின்று யோசித்திருப்பேன். இதையும் உன் மேல் பழியாகப் போடுகிறேன் பார். மன்னித்துக்கொள்.

நீ மண்டியிட்டால் அம்மாவைப் பார்க்கலாம், படிப்பு போகும். வராவிட்டால் படிப்பு மிஞ்சும், அம்மா போய்விடுவாள். இதற்கு மூன்றாவது வழி உண்டா என்று இரண்டு நாளாய்த் தேடினேன். அவளைக் காரில் ஏற்றி உன்னிடமே கொண்டுவரலாமா என்று ருஃபீனோவைக் கேட்டேன். அவர் எப்போதும் போல, “இன்னும் கொஞ்ச நாள்ல உங்க மூப்பர் என் காருக்கும் இரும்புச் சக்கரம் மாட்டச் சொல்லுவாரு வாத்தியாரே” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “இந்தப் பாதையில வேணாம், வாத்தியாரே. பாதி தூரங்கூடத் தாங்க மாட்டாங்க” என்றார். புரட்டிப் படுக்க வைத்தாலே அவள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

நேற்று மூப்பர் போன பிறகு, உனக்கு எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “நான் சொல்றத எழுதுங்க” என்றாள். நம் ஜெபத்தின் மொழியில், நான் பிழையில்லாமல் எழுதும் அந்த ஜெர்மன் மொழியில், எழுதிப் பார்த்தேன். கட்டளைகளை வாசிப்பது போல இருந்தது. அதில் உன் அம்மா இல்லை. வீட்டில் பேசும் மொழியை நான் ஒருநாளும் எழுதியதில்லை. பள்ளியில் எழுதிய பிள்ளைகளைப் பிரம்பால் அடித்திருக்கிறேன். இப்போது காதில் விழுந்தபடியே எழுதுகிறேன். பிழைகளை நீ திருத்திக்கொள்.

“நேத்தா, ஒன்னப் பாக்கணும் போலத்தான் இருக்கு. ஆனா வராதடி. நீ கெளம்பிப் போன அன்னிக்கு நான் ஒரு வார்த்த பேசல. ரொட்டி மாவ பெசஞ்சுக்கிட்டே நின்னேன். மாவு கல்லாட்டம் ஆயிடுச்சு, அப்பயும் விடல. அம்மாவுக்குக் கோவம்னு நெனச்சிருப்ப. கோவம் இல்லடி. கைய எடுத்தா ஒன்னப் புடிச்சுக்குவேன்னு பயம். இங்க எத்தன பொம்பளைங்க எங்க வலிக்குதுன்னு சொல்ல ஆளில்லாம கெடக்காளுங்க, ஒனக்குத் தெரியாது. ஒருத்தியாவது நம்ம பேச்சுல கேக்கணும்ல? நீ படிச்சு முடி. நான் கர்த்தர்கிட்டச் சொல்லிக்கறேன். அவருக்கு நம்ம பேச்சு புரியும்.”

இவ்வளவுதான் சொன்னாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

இனி நான் சொல்ல வேண்டியது. நேற்றைய கடிதத்தில் ‘புறப்பட்டு வா’ என்று மட்டும்தான் மூப்பர் சொன்னார். ‘தாமதம் செய்யாமல்’ என்று சேர்த்தவன் நான். அவர் சொல்லி எழுதியதாக நீ நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

அவள் போகும் நாளில் ருஃபீனோ உன்னிடம் வந்து சொல்வார். அன்று வகுப்பு இருந்தால் வகுப்புக்குப் போ. கறுப்பு உடுத்த வேண்டாம். என் மேல் கோபமாக இருந்தால், அந்தக் கோபத்தோடேயே படி, அதுவும் நடக்கும். பதில் எழுதினால் அம்மா காதோடு வாசிப்பேன். எழுத மனமில்லாவிட்டால், சுகமாயிருக்கிறாய் என்று ருஃபீனோவிடம் வாயால் சொல்லி அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

மகளே, உன் அம்மாவுக்கு இருக்கும் உறுதி எனக்கு இல்லை. நீ முற்றத்தில் வந்து நின்றால், மண்டியிடு என்று முதலில் சொல்வது மூப்பராக இருக்காது. சொல்லிவிடு நேத்தா, ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடு என்று உன் காலைப் பிடிப்பவன் நானாகத்தான் இருப்பேன். கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக. என்னை நம்பி வராதே.

உன் அப்பா