மச்சாள் சொன்ன 'இல்லை'

மச்சாள்,

இன்று காலை சந்தைக்குப் போனேன். சியாகுல்லித் தோட்டத்து மந்தாரின் தோடம்பழம் வந்துவிட்டதா என்று கேட்டால், பழக்கடைக்காரன் வாயையே திறக்கவில்லை. நாடியை மேலே தூக்கி, நாக்கால் 'ச்' என்றான். இந்த ஊரில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். உமக்கு நான் சொல்ல வேண்டுமா? இத்தாலிக்கு வந்த புதிதில், "இவையின்ரை வாய்க்குள்ளை என்ன, கொழுக்கட்டையோ?" என்று சிரித்தவரே நீர்தான். பிறகு நீரே அசல் பலெர்மோக்காரியாகி, என் அண்ணனுக்கும் நாடியால் பதில் சொல்லத் தொடங்கினீர். வெறும் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அண்ணன் காலமான மறு கோடையில், கிளாஸ்கோவில் வாழ்க்கைப்பட்ட உம்முடைய மகள் நம் இருவரையும் கூப்பிட்டாள். லிபெர்த்தாத் தெருவில் நீர் பராமரித்துவந்த கிழவி சிஞ்ஞோரா அம்மாவிடம், மாதம் முடிய வந்துவிடுவேன் என்று கையடித்துச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டீர். மருமகன் ஒருநாள் நம்மைத் தீவு பார்க்கப் படகில் கூட்டிக்கொண்டு போனார். இங்கே மொண்டெல்லோக் கடற்கரையில் மணல் காலைச் சுட்டுக்கொண்டிருந்த காலம். அந்தத் தீவிலோ நமக்கு இரண்டு சுவெட்டர் போட்டும் பல்லுக் கிட்டியது. அடுக்கி வைத்தது போன்ற கருங்கல் தூண்கள், சிவப்பு மூக்குக் குருவிகள், பச்சைக் கடல். எனக்கு வாய் மூடவில்லை. நீரோ என் காதுக்குள், "குளிருக்கை நிண்டு கல்லுப் பார்க்கவோ மருமகன் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்?" என்றீர்.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. மகள் குழந்தையோடு கீழ்த்தட்டில் இருந்தாள். நாம் மேல்தட்டில். மருமகன் உமக்கு முன்னால் குந்தி, காற்றுக்கு மேலால் கத்திக் கேட்டார்: "மாமி, இனி எங்களோடையே இருக்கிறியளோ?"

நீர் நாடியைத் தூக்கினீர். 'ச்' என்றீர். பக்கத்தில் இருந்த எனக்கே அது அரைகுறையாகத்தான் கேட்டது. மருமகப்பிள்ளை கிளாஸ்கோவில் பிறந்து வளர்ந்தவர். அங்கே நாடி மேலே போனால் சம்மதம். "மாமி ஓமெண்டிட்டா!" என்று கத்திக்கொண்டே கீழே ஓடினார். அடுத்த நிமிடம் மகள் வந்து உம்மைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். "உண்மையாவோ அம்மா? இனி நான் தனிய இல்லை!"

நான் வாயெடுத்தேன். நீர் என் கையை நகம் பதிய நசித்தீர். அன்றிரவு கேட்டதற்கு, "பிள்ளையின்ரை முகத்தைப் பார்த்தனீர்தானே. அதுக்குப் பிறகு என்னெண்டு மச்சாள் இல்லையெண்டிறது?" என்றீர். நான் தனியாகத்தான் விமானம் ஏறினேன். இங்கே செய்தி சொல்லப் போனபோது சிஞ்ஞோரா கதவு திறந்து, எனக்குப் பின்னால் உம்மைத் தேடினாள்.

பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் உம்முடைய போன் கோல் வரும். "இஞ்சை ஒருத்தரும் சத்தம் போட்டுக் கதைக்கினமில்லை மச்சாள். நான் இருமினாலும் தாங்கள் 'சொறி' எண்டு மன்னிப்புக் கேக்கினம்." நான் சிரிப்பேன். போனை ஜன்னலுக்கு வெளியே பிடிக்கச் சொல்வீர். கீழே வெஸ்பாக்காரர் ஒருவரை ஒருவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பீர். வந்துவிடும் மச்சாள், வந்துவிடும் என்று எத்தனை தரம் சொன்னேன்! பேரப்பிள்ளைக்குப் பல் முளைக்கட்டும், நடக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும் என்றீர். கடைசியில் நீரே போய்விட்டீர். எனக்கு உம்மில் கோபம் இன்னும் ஆறவில்லை. சரி, கோபம் மட்டுமா? சமைக்கும்போது கூட அழுகை வருகிறது.

போன ஞாயிறு மகள் கூப்பிட்டாள். கடைசி நாட்களில் நீர் ஆஸ்பத்திரித் தாதிமாரோடு இத்தாலியனில் கதைத்தீராம். எல்லாரையும் சிஞ்ஞோரா என்றீராம். வீட்டுக்குப் போகவேண்டும் என்றீராம். அது எந்த வீடு என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"மாமி, அண்டைக்குப் படகிலை நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள். அம்மா விரும்பித்தானே ஓமெண்டவ? மறைக்காமல் சொல்லுங்கோ."

அவளும் பலெர்மோவில் வளர்ந்த பிள்ளை. நாடியைப் பற்றி ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் விளங்கிவிடும். பிறகு அவள் எப்படி நித்திரை கொள்வாள்?

"ஓம் பிள்ளை," என்றேன். "விரும்பித்தான்."

அவள் நெடுநேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "இப்ப நெஞ்சு ஆறிட்டுது மாமி, நான் படுக்கப்போறன்" என்றாள். நான் போனை வைத்துவிட்டு விடியும்வரை குசினியிலேயே இருந்தேன். நீர் சொன்ன அந்த 'இல்லை' இனி இந்த உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, மச்சாள்.