மட்டைக்கு ஈயம் கட்டிய அண்ணனுக்கு

அண்ணே,

இன்று காலை பங்களாவின் சாமான் அறையை ஒழித்தபோது தோட்டத் துரையின் பழைய கிரிக்கெட் மட்டை கையில் அகப்பட்டது. அடிமுனை பிளந்து கிடந்தாலும் நீங்கள் கட்டிய ஈயத்தகடு விடாமல் பிடித்திருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் வாசனைகூட மிச்சம் இருக்கிறது. போன மழைக்காலத்தில் நீங்கள் கொஸ்லந்தையில் காலமான செய்தி வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. இந்தக் கட்டையைப் பார்த்து வருகிறது. என்ன மனுசனோ நான்!

மட்டைக்கு எண்ணெய் பூசி வைப்பது என் வேலை. பதுளையில் பந்தாடும்போது ஈரப் புல்லில் பட்டு அடிமுனை ஊதிவிடுகிறது என்று துரை சலித்துக்கொள்வார். நீங்களோ தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஈயம் வைத்துப் பற்றவைப்பவர். பெட்டிக்குள் போகாத ஈரம் மட்டைக்குள் மட்டும் எப்படிப் போகும் என்று துரையிடம் யோசனை சொன்னவன் நான்தான். அவரும் மறுநாளே கட்டி வரச் சொல்லிவிட்டார்.

அன்று பார்த்து மட்டையைப் புல்வெளியில் மறந்து விட்டேன். விடியும்வரை மழையில் கிடந்தது. துணியால் துடைத்து, மேலே எண்ணெயைத் தடவி, ஒன்றும் நடக்காததுபோல் உங்களிடம் கொண்டுவந்தேன்.

"நனையலையே தம்பி?"

"ஐயோ, துளி படலண்ணே!"

பெட்டிப் பலகை ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பீர்கள். "ஈரத்த உள்ள வச்சுப் பூட்டுனா, அது உள்ளயே இருந்து திங்கும்" என்பீர்கள். மட்டையையும் கன்னத்தில் வைத்தீர்கள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "சாயந்தரம் வந்து எடுத்துக்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

பத்து நாள் கழித்து ஆட்டத்தின் நடுவே அது பிளந்தது. மறுநாள் காலை ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில், அத்தனை பேருக்கும் முன்னால், யார் செய்த வேலை என்று துரை கத்தினார்.

"நான்தாங்க தொரை. ஈரம் பாக்காம கட்டிப்புட்டேன்."

அன்றே உங்களைத் தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். என் மனைவி நிறைமாதம். அவளை அழைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? வாயை மூடிக்கொண்டு நின்றேன். போகும்போது நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். 'பேசாதே' என்ற பார்வையா, 'இப்பவாவது வாயைத் திறடா' என்ற பார்வையா? இருபது வருடமாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறேன். கொஸ்லந்தைக்கு வந்து கேட்கவும் கால் எழவில்லை.

இன்று அந்த ஈயத்தைப் பிரித்தேன். உள்ளே ஒரு சீலைத் துண்டு. அதற்குள் மெல்லிய பரப்பாக வறுத்த தேயிலைத் தூள், கறுத்து இறுகிப்போயிருந்தது. தூள் எந்த ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

அப்படியென்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் கட்டினீர்கள்? "பொய் சொல்லாதடா" என்று ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா? என்னைக் காப்பாற்றினீர்களா, நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தீர்களா? கோபம் உங்கள் மேலா என் மேலா என்றுகூட விளங்கவில்லை.

உங்களை அனுப்பிய நாள் முதல் எந்தக் கட்டையைத் தொட்டாலும் கன்னத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இந்த மட்டையையும் வைத்துப் பார்த்தேன். எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கிறது.

நனைஞ்சிருந்துச்சுண்ணே.