வாயாடியும் கேட்கட்டும்

ஜூன் 9, காலை

அருமைத் தம்பிக்கு,

அக்கா சுகம்; அக்காவின் கோபமும் சுகம். நேற்று போனில், "வாயாடியைத் தூக்கிடு, காரணம் கேக்காதே" என்றாயே, அது என்ன பேச்சு?

வெளியாட்களும் தங்கள் குட்டி புரோகிராம்களை ஒட்டிக்கொள்ளும்படி உன் கம்பெனியின் மொபைல் பிரவுசரை வடிவமைத்ததே நீதானே! அப்படி யாரோ ஒட்டியதுதான், திரையில் இருப்பதை எனக்கு வாசித்துக்காட்டும் என் வாயாடி. போனோடு வந்த குரல் நம் மொழியைக் கடித்துத் துப்புகிறது. இவள்தான் மனுஷி மாதிரி வாசிக்கிறாள். கண் போன பிறகும் எனக்கு, கஷ்டத்தில் இருக்கும் பெண்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மிஞ்சியது இவளால். எனக்காக மற்றவர்கள் முடிவெடுத்தது போதாதா, நீயுமா? காரணத்தை மெயிலில் எழுது. அதுவரை உன் போனை எடுக்க மாட்டேன். பேசிப் பேசியே என்னைக் கவிழ்த்துவிடுவாய்.

அக்கா

ஜூன் 9, மதியம்

அக்கா,

எழுத முடியாது. போனை எடு, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். உன் காலில் விழுகிறேன்.

தம்பி

ஜூன் 9, மாலை

தம்பி,

விழுந்தது போதும், எழுந்து எழுது. எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. புருஷனுக்குப் பயந்து வீட்டை விட்டு வந்த பெண் ஒருத்தி, தான் ஒளிந்திருக்கும் இடத்தை எழுதி அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். சாப்பிட்டுவிட்டு வாயாடியை அதை வாசிக்கச் சொல்ல வேண்டும்.

அக்கா

ஜூன் 9, மாலை

அக்கா, அதைத் திறக்காதே!

வாயாடி உனக்கு வாசிக்கிற ஒவ்வொரு பக்கமும் அப்படியே அதை ஒட்டியவனுக்குப் போகிறது. நீ இப்போது கேட்கிற இந்த வரியும்தான். விஷயம் கசிந்தால் ஆள் தப்பிவிடுவான், பிடிக்கும்வரை மூச்சுவிடக் கூடாது என்று கம்பெனி உத்தரவு. என் வேலை போனால் போகட்டும். திருடியதைக் காசுக்கு விற்கிறவன் அவன்; அந்தப் பெண் இருக்கும் இடம் அவன் கைக்குப் போகக் கூடாது.

நடுவில் ஒட்டுக்கேட்கும் ஐயா, உமக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வெட்கமாயில்லை? எங்கே வேண்டுமானாலும் ஓடும். என் அக்காவின் போனை விட்டு ஓடும்.

தம்பி

ஜூன் 9, இரவு

தம்பி,

வாயாடியைத் தூக்கிவிட்டேன். ஆனால் உன் கடிதம் வருவதற்குள் அந்தப் பெண்ணின் கடிதத்தைக் கேட்டுவிட்டேனடா. என் பிடிவாதம் என்னை இப்படி நிறுத்திவிட்டது.

அவளைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. போலீஸுக்குச் சொல்லியாயிற்று. பக்கத்து வீட்டு நர்ஸின் வண்டியில் அவள் இருக்கும் இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். உன் லைனும் கிடைக்கவில்லை. வண்டி குலுங்குகிறது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்.

அவளைப் பார்த்ததும் முதலில் உன்னைத்தான் கூப்பிடுவேன். நீயாவது எடுடா.

அக்கா