டயருக்கு அடியில் இருந்த கல்

அன்புள்ள அப்பாவுக்கு,

சின்னவள் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள், அம்மா, அக்கா, கிளீனர் மாமா எல்லாரும் நலம்தானே?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் நீங்கள் “சாப்பிட்டியா” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் “இந்தா, அம்மாகிட்ட பேசு” என்று கொடுத்துவிடுகிறீர்கள். இது அம்மா வழியாக வரக்கூடாத விஷயம். அக்காவைப் படித்துக்காட்டச் சொல்லாதீர்கள், சிரித்தே தெருவைக் கூட்டிவிடுவாள். சரக்கு இறக்கும் நேரத்தில் வண்டியில் உட்கார்ந்து நீங்களே மெதுவாகப் படியுங்கள்.

“கல்லுக்குப் பொறந்த தேதிய யாரு எழுதி வச்சா?” என்று போன தடவை கேட்டீர்கள். கல்லுக்குள்ளேயே இருக்கிறது அப்பா. கிரானைட்டைப் பொடியாக்கிச் சலித்துக் கழுவினால் மணலைவிடச் சின்னப் படிகங்கள் கிடைக்கும். சிர்கான் என்று பெயர். அது உருவாகும்போதே கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும்.

நீங்கள் வண்டி ஓட்டும் மலையெல்லாம் இரண்டு பெரிய நிலங்கள் மோதி எழுந்தவை. மோதிய வேகத்தில் அடியாழத்துப் பாறை உருகி, மறுபடி ஆறி, கிரானைட் ஆனது. அப்படி உருகியது மிகப் பழைய நிலம் ஒன்று என்று எங்கள் பேராசிரியர் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறார். யாரும் நம்பவில்லை. அவர் மனைவிகூட நம்பவில்லை என்று அவரே சொல்லுவார். பழைய பாறையின் படிகம் ஒன்றிரண்டு உருகாமல் தப்பி, புதுப் படிகத்தின் நடுவில் உட்கார்ந்திருக்குமாம். அது கிடைத்தால் கல்லின் பூர்வீகம் தெரிந்துவிடும். மேலே எத்தனை பூச்சு பூசிக்கொண்டாலும் நடுவில் இருப்பது மாறாது.

போன மாதம் அது கிடைத்துவிட்டது. ஆராய்ச்சிக்காக நான் எண் எழுதி வைத்திருக்கும் கற்களில் ஏழாவதில். படிகத்தின் ஓரத்துக்கு ஐம்பது கோடி வயது, நடுவுக்கு இருநூற்றைம்பது கோடி. பேராசிரியர் எழுந்த வேகத்தில் தேநீர் என் துப்பட்டாவில் கொட்டியது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. எனக்கும் துடைக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போது கதவுக்கு முட்டாக இருந்த கல்லில் கால் தடுக்கியது. குனிந்து பார்த்தால், என் கையெழுத்தில் ஏழு என்று எழுதியிருக்கிறது.

நடந்தது இதுதான். எங்கள் உதவியாளருக்குப் பூட்டு அண்ணன் என்று பெயர். குடத்தைக்கூடப் பூட்டி வைப்பார். அவர் தரை துடைத்த அன்று கதவு முட்டுக் கல்லைத் தூக்கி என் மேசைமேல் வைத்திருக்கிறார். துடைத்து முடித்ததும் கைக்குக் கிடைத்த என் கல்லைக் கதவுக்குக் கொடுத்துவிட்டார். நான் எண்ணைத் திருப்பிப் பார்க்காமல் கதவுக் கல்லைப் பாதி பொடியாக்கிவிட்டேன். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். கேட்டால், “நல்லா பாரும்மா, உன் கல்லுதான் கதவ இன்னும் கெட்டியாப் புடிக்குது” என்கிறார்.

பேராசிரியரிடம் போய், அது என் கல் இல்லை என்றேன். “அப்ப யாரோட கல்லும்மா?” என்றார். “கதவோட கல்லு சார்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். திட்டவில்லை. இடம் தெரியாத கல்லை வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியாது, அது எங்கே கிடைத்தது என்று தெரிந்தால் அவர் சொன்னது உண்மையென்று ஆகும், எனக்குப் பட்டமும் கிடைக்கும், அதனால் முதலில் கல்லின் சொந்தக்காரரைத் தேடு என்று சொன்னார்.

பூட்டு அண்ணனைக் கேட்டால் வாட்ச்மேன் கொடுத்தது என்றார். வாட்ச்மேன் தாத்தாவிடம் பேராசிரியர், பூட்டு அண்ணன், நான் எல்லாரும் போய் நின்றோம். அவர் ஆற அமரச் சொன்னார்: “புள்ளைங்கள சேக்குற நாள்ல ஒரு லாரிக்காரரு பொண்ண விட வந்தாரு. கேட்டுக்கு முன்னாடி சரிவு பாருங்க, டயருக்கு அடியில கல்லு வச்சாரு. வண்டிப் பின்னால ‘நிதானம்’னு கொட்டை எழுத்துல இருக்கு. ஆளு என்னடான்னா கண்ணத் தொடச்சிக்கிட்டு அவசரமா ஏறிப் போயிட்டாரு. கல்ல எடுக்கல. தூசி விழுந்திருக்கும்போல.”

நான் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன் அப்பா. தரையைப் பார்த்தேன்.

அதோடு போகவில்லை. பேராசிரியர் என் பக்கம் திரும்பி, “உங்கப்பா போக்குவரத்துத் துறைலதானே இருக்காரு? ஒரு வார்த்தை சொன்னா அந்த லாரியப் புடிச்சிடுவாரே” என்றார். சேர்க்கை அன்று கேட்டுக்கு வெளியே நீங்கள்தானே, “டிரைவர்னு சொல்லாத, போக்குவரத்துத் துறைன்னு சொல்லு, அது பொய்யில்ல” என்று சொல்லிக்கொடுத்தீர்கள்? நான் தலையாட்டினேன். இப்போது தினமும் பார்க்கும்போதெல்லாம், “அப்பா புடிச்சாராம்மா?” என்று கேட்கிறார். நேற்று உங்களுக்கு மரியாதையாக ஒரு விண்ணப்பம் எழுதட்டுமா என்றார். கேட்டில் லாரி வந்து நின்றால் பூட்டு அண்ணன் ஓடிப்போய்ப் பின்பக்கம் படிக்கிறார்.

அந்தக் கல்லைத் தொலைத்தது கிளீனர் மாமாதான் என்று நீங்கள் இன்னும் திட்டுவதாக அம்மா சொன்னாள். பாவம், இனி விட்டுவிடுங்கள். கல் இங்கே பத்திரமாக இருக்கிறது, பாதிதான் என்றாலும். அதை எங்கே எடுத்தீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். பிரேக் விட்டுப்போன இடத்தில் அது தானாக உருண்டு வந்து வண்டியை நிறுத்தியது என்று அம்மாவிடம் சொன்னீர்கள். எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு பெரிய அதிகாரி கையால் கொடுத்தது என்றீர்கள். இந்த ஒரு தடவை எந்த மலை, எந்த வளைவு என்று மட்டும் போதும். மறந்திருந்தால் பரவாயில்லை, பாதையில் போனால் உங்களுக்கு நினைவு வரும். நானும் பேராசிரியரும் வண்டியில் ஏறிக்கொள்கிறோம். அவர் ஜன்னல் பக்கம் கேட்பார், கொடுத்துவிடுங்கள்.

எந்த மலைப்பாதையிலும் நீங்கள் அந்தக் கல்லை எடுக்க மறந்ததில்லை. அன்று ஏன் மறந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

கேட்க வேண்டியது ஒன்றுதான், அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த லாரிக்காரர் என் அப்பா என்று நான் சொல்லிக்கொள்ளட்டுமா? நீங்கள் சரி என்றால் அன்றே சொல்லிவிடுவேன். வரும்போது சரிவிலேயே வண்டியை நிறுத்துங்கள், முட்டுக்கு மீதிக் கல்லை நானே எடுத்துவந்து வைக்கிறேன். அந்தக் காக்கிச் சட்டையிலேயே, இந்தத் தடவை கேட்டைத் தாண்டி உள்ளே வாருங்கள் அப்பா.

உங்கள்,
சின்னவள்